தாளில் இல்லாத பேச்சு

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். நீங்களும், உங்கள் தம்பியும், தம்பியின் அந்தப் புகழ்பெற்ற முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு முழங்கால் ஆபரேஷனுக்குத் துணையாக இருக்கப் போன மனிதர் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை என்றால், அது எப்பேர்ப்பட்ட முழங்காலாக இருக்கும் என்று அவ்வப்போது யோசித்துப் பார்ப்பேன். போனில் கேட்கலாம் என்றால் என் காது இப்போது சுத்தமாக ஒத்துழைப்பதில்லை. மெஷின் மாட்டினாலும், எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு பிடிபடுகிறது. உங்கள் விரலோ செல்போனின் சின்ன எழுத்துகளில் நிற்காது. ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கேசட்டுகளை எல்லாம் பல்கலைக்கழக நூலகம் வாங்கிக்கொண்டது. வீடு வீடாக, வேலையிடம் வேலையிடமாகப் போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்த அத்தனையும் இனி அழியாமல் கம்ப்யூட்டரில் இருக்குமாம். நீங்கள் டைப் அடித்துக் கொடுத்த தாள்களையும் சேர்த்தே அனுப்பினேன். அங்கே ஓர் அம்மாள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேசட்டாக ஒத்துப் பார்த்து வருகிறார். போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அம்மா, கேசட்ல பேச்சு இருக்கு. தாள்ல இல்ல. ஒரு எடத்துல இல்ல, நிறைய எடத்துல."

உங்களுக்குத் தெரியும், கேசட்டை உங்கள் மேஜையில் வைத்த பிறகு நான் அதை மறுபடி போட்டுக் கேட்டதே கிடையாது. அத்தனை பேர் பேச்சும் வரி வரியாக ஞாபகத்தில் நிற்காது. உங்கள் தாளை நம்பித்தான் எல்லாப் புத்தகங்களையும் எழுதினேன். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் "இந்தப் பெண்கள் சொன்னதில் ஒரு சொல்லும் விடப்படவில்லை" என்று போட்டிருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாக அச்சுக்குக் கொடுக்கும் நேரம். அந்த வரி பொய் என்றால் என் பிழைப்பே பொய்.

விட்டுப்போன பேச்சு என்ன என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "அத நீங்களே கேட்டா நல்லதும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் எதைக் கேட்பது, எந்தக் காதால் கேட்பது? நீங்கள் சொல்லுங்கள். என்னத்தை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்?

தம்பி வீட்டு மாடியில் குடியிருக்கும் டீச்சர் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும். அவர் முழங்காலாவது நன்றாக இருக்கிறதா?

இப்படிக்கு,
காது போனாலும் வாய் போகாத உங்கள் மனைவி


ஜூன் 11

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து முன்பைவிட மோசம். கண்ணாடி மாற்றிக்கொள்.

தம்பி நன்றாக நடக்கிறான். டீச்சர் அம்மாவுக்கு எழுபத்தொன்று முடிந்துவிட்டது. மோட்டாரை நிறுத்த மறந்தால் மாடியிலிருந்து என்னை வகுப்புப் பையனைத் திட்டுவது போலத் திட்டுவார். அதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு கிடையாது. உன் சந்தேகம் அவருக்குத் தெரிந்தால் சந்தோஷப்பட்டாலும் படுவார். சொல்லிவிடட்டுமா?

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் கோர்ட்டில் டைப் அடித்தவன். சாட்சி கூண்டில் ஏறிவிட்டால், சாட்சி சொல்வதைத்தான் அடிக்க வேண்டும். நடுவில் வக்கீல் இருமுவது, கதை சொல்வது, நீதிபதியைச் சிரிக்க வைப்பது எல்லாம் பதிவில் ஏறாது. அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. உன் பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதில் ஒன்றையும் நான் தள்ளவில்லை. அழுததைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். உன் முதல் பக்கத்து வரிக்கு ஒரு கெடுதலும் இல்லை.

மற்றதெல்லாம் ஊர்க்கதை. அதைத் தோண்டுவதால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. நூலகத்தில் அந்த இடங்களைப் புதிதாக டைப் அடிக்க வேண்டாம் என்று எழுதிவிடு. கேசட்டையும் தாளையும் உள்ளபடியே வைத்துக்கொள்ளட்டும். நான் உன்னிடம் எதையும் கேட்டு வாங்குகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். இதை மட்டும் கேட்கிறேன்.

மாத்திரையை வேளைக்குப் போடு. பால்காரரிடம் சண்டை போடாதே.

இப்படிக்கு,
உன் டைப்பிஸ்ட்


ஜூன் 17

அன்புள்ள உங்களுக்கு,

அன்பு என்று எழுதுவது பழக்கதோஷம். எனக்கு உங்கள்மீது இப்போது கோபம்தான் இருக்கிறது.

ஊர்க்கதையாம். ஊர்க்கதையை மறைக்க ஒருவர் முதல்முறையாக என்னிடம் கெஞ்சுவாரா? என் வேலையே இதுதான் என்பதை மறந்துவிட்டீர்கள். "அது ஒண்ணுமில்லம்மா, வேற கேளு" என்று எந்த இடத்தில் ஒரு பெண் சொல்கிறாளோ, அங்கேதான் விஷயம் இருக்கும். அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். உங்கள் கடிதம் முழுக்க "அது ஒண்ணுமில்லம்மா"தான்.

எந்தெந்தக் கேசட் என்று அந்த அம்மாளிடம் வாங்கிப் பார்த்தேன். தையற்கூடத்து அக்கா, ஆஸ்பத்திரி ஆயா, சினிமா டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண், ஜெயில் வார்டர் அம்மா. இன்னும் பலர். எல்லாமே புருஷனைப் பற்றிய பேச்சு வரும் இடத்தில்தான் அறுந்திருக்கிறது. எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொன்னாலும் நீங்களும் ஓர் ஆண்பிள்ளை. எங்கோ ஒருவன் அடித்ததையும், குடித்ததையும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டதையும் பெண்டாட்டி வாயால் சொல்லக் கேட்டதும் உங்கள் கை தானாக நின்றுவிட்டது. நம் ஜாதி மானம் போகக்கூடாது என்று ஆண்களின் மானத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள்.

தையற்கூடத்து மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உங்களோடு செஸ் ஆட வருவாரே, அவரைப் பற்றி அந்த அக்கா சொன்னதில் எதை விட்டீர்கள்? அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஒரே வீட்டில், பக்கத்து அறையில், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து என் பெண்களின் வாயை மூடியிருக்கிறீர்கள். டக் டக் என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் தெரியுமா? அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒன்று நீங்கள் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில், எல்லா இடைவெளிகளையும் டைப் அடித்துத் தொகுப்பில் சேர்க்கச் சொல்லி நூலகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். யார் மானம் போனாலும் சரி.

மாத்திரை போடுகிறேன். பால்காரரை மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூன் 23

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

ஆண்களின் மானத்தை நான் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறாய். பாதி சரி. காப்பாற்றியது ஓர் ஆளின் மானத்தைத்தான். அந்த ஆள் நான்.

உனக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லையா, இல்லை என் வாயிலிருந்து வரட்டும் என்று பார்க்கிறாயா என்று தெரியவில்லை. உன் தொழிலில் இரண்டும் உண்டு. சரி, சொல்கிறேன்.

ஒரு பெண் வாயைத் திறக்கவில்லை என்றால் நீ என்ன செய்வாய்? முதலில் உன் வீட்டுக் கதையை எடுத்து விடுவாய். அவள் கதை எந்த ஜாடையோ, அதே ஜாடையில் உன் கதையும் இருக்கும். தையற்கூடத்து அக்காவின் புருஷன் அவளை வெளியே விடமாட்டான் என்று நீ மோப்பம் பிடித்ததும், "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க. நான் கிளம்பறேன்னு தெரிஞ்சா செருப்ப எடுத்து ஒளிச்சு வெச்சிருவாரு" என்றாய். அடுத்த நிமிஷம் அவள் மடை திறந்த மாதிரி பேசினாள். நான் டைப் அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அறுந்துபோன உன் செருப்பைத் தைத்து வாங்கி வந்து வாசலில் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி ஆயாவிடம் என்னைக் குடிகாரன் ஆக்கினாய். எனக்கு இருமல் மருந்தே ஒத்துக்கொள்ளாது. டிக்கெட் கவுண்டர் பெண்ணிடம், நான் உன்னை அடிப்பேன் என்றாய். அவள் ஒருமுறை வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த காபியைத் தொடாமல் என் கையையே முறைத்துக்கொண்டிருந்தாளே, அது உனக்கு ஏன் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தூண்டிலில் மாட்டும் புழு மாதிரி புருஷனை மாட்டுகிறாள், மீன் விழுகிறது, விழட்டும் என்று விட்டேன். ஆனால் அதை டைப் அடித்துத் தாளில் ஏற்றினால் நீ அப்படியே புத்தகத்தில் போட்டுவிடுவாய். ஒரு சொல்லும் விடமாட்டாயே. உன் அண்ணன் படிப்பார், என் ஆபீஸில் படிப்பார்கள். அதனால் நீ பேசுகிற இடம் வந்தால் மெஷினிலிருந்து கையை எடுத்துவிடுவேன். செஸ் மேனேஜரைப் பற்றி அந்த அக்கா சொன்னதெல்லாம் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, எடுத்துப் பார். அது வந்த பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்பதையாவது கவனித்தாயா?

ஜெயில் வார்டர் அம்மா கேசட்டில் விட்டதைப் பற்றி மட்டும் நான் சொல்லப்போவதில்லை. அதை நூலகத்திலும் கேட்காதே. உனக்கும் நல்லது.

இப்படிக்கு,
செருப்பை ஒளித்து வைக்கும் குடிகாரன்


ஜூன் 29

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. வெறும் வயிற்றோடு வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

சொன்னேனா? சொல்லியிருப்பேன். அவள் சொல்லப்போவது மட்டும்தான் எனக்குக் கணக்கு. என் வாயிலிருந்து என்ன வந்தது என்று வெளியே வந்ததும் மறந்துபோகும். ஒரு பெண் தன் வலியைச் சொல்ல வேண்டுமானால் எதிரே இருப்பவளுக்கும் வலி இருக்க வேண்டும். எனக்கு வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அதனால் கடன் வாங்கினேன். அந்த டிக்கெட் கவுண்டர் பெண் இன்றைக்கும் என்னை எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்காரு, கொறஞ்சிருக்கா?" என்று கேட்பாள். உங்கள் சர்க்கரையைத்தான் விசாரிக்கிறாள் என்று நினைத்து, "கொறஞ்சிருக்கு, மாத்திரை போடறாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. பெரிதாகத்தான் ஆகிறது. வருஷக்கணக்காகத் தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு நாளாவது "என்ன இப்படிச் சொல்லிட்ட" என்று கேட்டிருக்கலாமே. கேட்காமல், ஒன்றொன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு நாள் தம்பியின் முழங்காலைச் சாக்காக வைத்துக் கிளம்பிவிட்டீர்களா? இதற்காகவா போனீர்கள்? நான் அந்த டீச்சரைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷமாக மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பாவம் அந்த அம்மாள்.

கேட்காதே என்றீர்கள். நான் கேட்காமல் இருப்பேனா? ஜெயில் வார்டர் அம்மா கேசட்டில் விட்டுப்போனதைத் தாளில் எழுதி அனுப்பச் சொன்னேன். நேற்று வந்தது. அந்த வார்டர் அம்மா தன் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறாள். நான் சொல்கிறேன்: "எங்களுக்குள்ள பேச ஒண்ணும் இல்லம்மா. சண்டைகூட இல்ல. விட்டுட்டுப் போயிரலாம்னா, பாவம், அவருக்கு வேற யாரு இருக்கா. அந்த எரக்கத்துலதான் இருக்கேன்."

இவ்வளவுதானா? மற்றதைப் போலத்தான் இதுவும். செருப்பு, சாராயம், அடி, அந்த வரிசையில் இது ஒன்று. அவளைப் பேச வைக்க எடுத்து விட்ட கதை. குடிகாரன் என்றதற்குச் சிரித்தவர் இதற்குச் சிரித்திருக்கக் கூடாதா?

கிளம்பி வாருங்கள். உங்கள் மெஷினுக்கு எண்ணெய் போட ஆளில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூலை 5

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை டைப் அடித்து அனுப்புகிறேன். டீச்சர் அம்மாவிடம் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. அதற்காக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

உனக்கு எழுத்துதான் தெரியும். எனக்கு உன் குரல் தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி கேட்டு, உன் குரலை உன்னைவிட அதிகமாகக் கேட்டவன் நான். நீ கதை விடும்போது குரல் கொஞ்சம் மேலே ஏறும். வார்த்தைகள் ஓடும். நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். செருப்புக்கு அப்படித்தான். சாராயத்துக்கும் அப்படித்தான். அடி விஷயத்தில் அழவே அழுதாய், அதிலும் அந்த ஏற்றம் இருந்தது.

வார்டர் அம்மா கேசட்டில் அது இல்லை. குரல் ஏறவில்லை. ஓடவில்லை. மளிகைக் கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலச் சொன்னாய். நான் பலமுறை சுற்றிச் சுற்றிக் கேட்டேன், எங்காவது அந்தச் சிரிப்பு ஒளிந்திருக்குமா என்று. இல்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாளும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அடிக்கிறவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்துவிடலாம். பாவம் என்று பெயர் வாங்கிக்கொண்டு இருக்க முடியவில்லை. சண்டை போடவும் தெரியவில்லை. தம்பிக்கு அந்தச் சமயம் பார்த்து முழங்கால் கெட்டது.

ஊரில் இருக்கும் எல்லாப் பெண்களிடமும் கேள்வி கேட்டாய். நான் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கீழே அடித்திருக்கிறேன். மீதித் தாளைப் பதிலுக்காக வெறுமையாக விட்டிருக்கிறேன். பொய் எழுதினால் எழுத்தில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. அது உனக்கு வசதிதான்.

இப்படிக்கு,
உன் டைப்பிஸ்ட்

கேள்வி: அந்த அம்மாளிடம் சொன்னது நிஜமா?


ஜூலை 12

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் தாளிலேயே எழுதி அனுப்புகிறேன்.

நிஜம்.

உங்களுக்கு எழுத்தில் கண்டுபிடிக்கத் தெரியாது என்று தெரிந்தும் இதை எழுதுகிறேன். போன கடிதத்தில் எழுதியதுதான் பொய். அதை எழுதும்போது என் குரல் ஏறியிருக்கும், உங்களுக்குக் கேட்கவில்லை.

அந்த வார்டர் அம்மா எதையும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். வழக்கமான கதை ஒன்றும் என் வாயில் வரவில்லை. வந்தது அதுதான். சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. கேசட்டை உங்கள் மேஜையில் வைக்கும்போது, இதில் இப்படி ஒன்று இருக்கிறதே என்று தெரியும். ஆனாலும் வைத்தேன். நான் மறந்துவிட்டதாக எழுதினேனே, மற்றதை மறந்தேன், இதை மறக்கவில்லை. தாளில் அந்த இடம் இல்லாததைப் பார்த்ததும், ரெக்கார்டர் கோளாறு, பதிவாகவில்லை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் கிளம்பிய நாள் அன்று, என் கண்ணாடியைத் துடைத்துத் தாள்கள்மேல் வைத்துவிட்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதைக் கேட்டுவிட்டீர்களோ என்று அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்தச் சந்தேகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் டீச்சரைச் சந்தேகப்பட்டேன்.

நூலகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். செருப்பும் சாராயமும் அடியும் தொகுப்பில் வரும். நான் எப்படிப் பேச வைத்தேன் என்று அந்தப் பெண்களுக்கும் தெரியட்டும். காறித் துப்பினால் துடைத்துக்கொள்கிறேன். முதல் பக்கத்து வரியையும் மாற்றிவிட்டேன்: "இந்தப் பெண்கள் சொன்னதில் ஒரு சொல்லும் விடப்படவில்லை. நான் அவர்களிடம் சொன்ன பொய்களும் இதில் இருக்கின்றன." பதிப்பாளர் போனில் கத்தினார் போலிருக்கிறது. எனக்குக் கேட்காததால் சரி சரி என்று வைத்துவிட்டேன்.

வார்டர் அம்மா கேசட்டில் விட்டதை மட்டும் சேர்க்கச் சொல்லவில்லை. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பெண்ணிடமும் "இத போடலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டேன். உங்களைப் பற்றிப் பேசியதற்கு உங்களிடம் ஒருமுறையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். போட வேண்டாம் என்றால் வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. நீங்கள் கேட்காததையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் போன பிறகு, இரக்கப்பட ஆளில்லாத வீட்டில் இருந்து பார்த்தேன். நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. பக்கத்து அறையில் சத்தம் கேட்காமல் எனக்கு ஒரு பக்கம்கூட எழுத வரவில்லை. தொகுப்பு தொகுப்பு என்று பழையதையே சேர்த்துக்கொண்டிருப்பது அதனால்தான். புதிதாக ஒரு பெண்ணைப் பார்க்கப் போய் ஆறு வருஷம் ஆகிறது. காதுமேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் எனக்கு இருந்தது இரக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரக்கப்பட்டவள் இப்படித் தவிக்கமாட்டாள்.

அந்த அம்மாளிடம் சொன்னதற்குக் கேசட் இருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றிக் கேட்டுக்கொள்ளலாம். இதற்குக் கேசட் கிடையாது. கேட்க வேண்டுமானால் நேரில் வந்து, எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். என் குரல் ஏறுகிறதா என்று நீங்கள் பாருங்கள். நான் உங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி